ஃபெடோரா தொப்பியும் திரைப்படங்களும்

ஃபெடோரா என்பது மென்மையான ஃபெல்ட்டில் செய்யப்படும், சுற்றிலும் விளிம்பு கொண்ட தொப்பி. அதன் மேற்பகுதியில் முன்னிருந்து பின்னாக ஒரு பள்ளம் ஓடும். முன்பக்கம் இருபுறமும் விரல்களால் கிள்ளியதுபோலக் குழிந்திருக்கும். மேற்பகுதியும் விளிம்பும் சேரும் இடத்தில் ஒரு நாடா சுற்றியிருக்கும். விளிம்பு விறைப்பாக இல்லாததால், அணிபவர் அதை முன்பக்கம் தாழ்த்திக்கொள்ளலாம், பின்பக்கம் உயர்த்திக்கொள்ளலாம், ஒருபக்கமாகச் சாய்த்தும் வைக்கலாம். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு தொப்பிகள் சில மாதங்களில் இரண்டு வேறு முகங்களைப் பெற்றுவிடும்.

1920கள் முதல் 1950களின் நடுப்பகுதிவரை அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களில் அலுவலகம் செல்லும் ஆண் வெறுந்தலையுடன் வெளியே போவது அரிது. குமாஸ்தா, வங்கி மேலாளர், செய்தியாளர், போலீஸ்காரர், திருடன் எல்லோரும் ஏறத்தாழ ஒரே மாதிரித் தொப்பியை அணிந்தனர். 1960களில் அந்தத் தொப்பி தெருவிலிருந்து மறைந்தது. இன்றும் அதை அணிபவர்களும் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள். ஏன் இந்த ஆசை வந்தது என்று கேட்டால் அவர்களில் பலர் ஒரு திரைப்படத்தின் பெயரைத்தான் சொல்வார்கள்.

நம் ஊர் வாசகருக்குத் தொப்பி என்றதும் ஆங்கிலேயத் துரைமார் வெயிலுக்கு அணிந்த நெட்டித் தொப்பி நினைவுக்கு வரலாம். அது நெட்டித் தண்டின் உட்சோற்றில் செய்த, கடினமான, அதிகாரத்தின் அடையாளமான தொப்பி. ஃபெடோரா அதற்கு நேர் எதிரானது. மடித்துப் பைக்குள் திணிக்கலாம். அதற்கென்று எந்தப் பதவியும் வேண்டியதில்லை.

மேடையில் பிறந்த பெயர்

ஃபெடோரா என்பது ஒரு பெண்ணின் பெயர். பிரெஞ்சு நாடகாசிரியர் விக்டோரியன் சார்தூ எழுதிய 'ஃபெடோரா' என்ற நாடகம் 1882 டிசம்பரில் பாரிஸில் மேடையேறியது. அதன் நாயகி ஒரு ரஷ்ய இளவரசி. அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் அக்காலத்தின் புகழ்பெற்ற நடிகை சாரா பெர்னார். நாடகத்தின் பெயர் விரைவிலேயே ஒருவகை மென்ஃபெல்ட் தொப்பிக்கு ஆகிவந்தது. தொடக்கத்தில் பெண்களே இதை விரும்பி அணிந்தனர். பெண்ணுரிமைக்காகக் குரல்கொடுத்தவர்களிடமும் இது பரவியது.

இதன் தம்பி எனத்தக்க ட்ரில்பி தொப்பியின் பிறப்பும் இதே போன்றது. ட்ரில்பியின் விளிம்பு குறுகலானது, பின்பக்கம் சுருண்டு மேலேறியிருக்கும். ஜார்ஜ் து மோரியே 1894இல் எழுதிய 'ட்ரில்பி' நாவலின் நாயகி பெயர் அது. நாவல் அடுத்த ஆண்டே நாடகமாகி லண்டனில் மேடையேறியபோது தொப்பிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆண்மையின் சின்னங்களாக இன்று கருதப்படும் இரண்டு தொப்பிகளுக்கும் இரண்டு கற்பனைப் பெண்களின் பெயர்களே வாய்த்திருக்கின்றன என்பதைத் தொப்பி ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை.

ஆண்களிடம் மென்ஃபெல்ட் தொப்பி பரவியதில் பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்குப் பங்குண்டு. பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான இளவரசர், ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரிலிருந்து கொண்டுவந்த, விளிம்பு மேல்நோக்கிச் சுருண்ட தொப்பியைப் பிரபலமாக்கினார். அவருடைய பேரன், 1920களில் வேல்ஸ் இளவரசராக இருந்த எட்வர்டு, இன்னும் தளர்வான வடிவங்களை அணிந்தார். உயர்ந்த பட்டுத் தொப்பியும் கடினமான பவுலர் தொப்பியும் மெல்ல மெல்லப் பின்வாங்கின. ஆக, திரைப்படத்துக்கு முன்பே மேடையும் அரண்மனையும் இந்தத் தொப்பிக்கு விளம்பரம் செய்திருந்தன.

ஃபெல்ட்டும் பாதரசமும்

ஃபெல்ட் நெய்யப்படுவதில்லை. முயல், காட்டுமுயல், பீவர் ஆகியவற்றின் தோலிலிருந்து மென்மயிரைச் சிரைத்தெடுத்து, துளைகள் கொண்ட பெரிய செப்புக் கூம்பின்மேல் காற்றுறிஞ்சி மூலம் படியவைப்பார்கள். வெந்நீரும் அழுத்தமும் பட்டு மயிரிழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மெல்லிய பெரிய கூம்பு திரும்பத் திரும்ப நனைக்கப்பட்டு, உருட்டப்பட்டு, சுருங்கிச் சுருங்கிக் கெட்டியாகும். பிறகு சாயமேற்றி, மர அச்சில் இறுக்கி, உப்புத்தாள் தேய்த்து, உள்ளே தோல் பட்டையும் வெளியே நாடாவும் தைப்பார்கள். இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரியா நகரில் ஜூசெப்பே போர்சாலினோ 1857இல் தொடங்கிய நிறுவனம், ஒரு தொப்பி உருவாக ஐம்பதுக்கும் மேற்பட்ட படிகளும் ஏறத்தாழ ஏழு வாரங்களும் ஆகும் என்கிறது. முதல் உலகப் போருக்குச் சற்று முன் அந்த ஆலை ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் தொப்பிகளைச் செய்தது.

இந்த வேலையில் ஒரு நஞ்சு இருந்தது. மயிரிழைகள் நன்றாகப் பின்னிக்கொள்ள அவற்றைப் பாதரச நைட்ரேட் கரைசலில் பதப்படுத்தினர். அப்போது மயிரின் நுனி கேரட் நிறமாவதால் அந்த வேலைக்கே கேரட்டின் பெயரை வைத்திருந்தனர். பின்பு வெந்நீரும் நீராவியும் படும்போது பாதரச ஆவி எழும். காற்றோட்டமற்ற பட்டறையில் ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கியது, ஈறு வீங்கியது, பல் விழுந்தது. பேச்சு குழறியது. எளிதில் கோபப்பட்டனர், அல்லது மனிதர்களைக் கண்டு கூச்சப்பட்டு ஒதுங்கினர். தொப்பிக்காரனைப் பித்தனோடு ஒப்பிடும் ஆங்கில வழக்கை இந்த நோயோடு இணைத்துப் பேசுவது உண்டு.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள டான்பரி தொப்பி நகரம் என்றே பெயர் பெற்றது. 1880களின் இறுதியில் அங்கே சுமார் 30 ஆலைகள் ஆண்டுக்கு 50 லட்சம் தொப்பிகள் செய்தன. தொழிலாளர்களின் கைநடுக்கம் அங்கே அவ்வளவு சாதாரணம் என்பதால் 'டான்பரி நடுக்கம்' என்று அதற்கு ஊரின் பெயரே வந்தது. அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் கைவிடப்பட்டது 1941 டிசம்பரில்தான். ஹம்ஃப்ரி போகார்ட் துப்பறிவாளராக நடித்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு வெளியாகியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படங்களில் நாம் ரசிக்கும் 1930களின் தொப்பிகளில் பல, நடுங்கும் கைகள் செய்தவையாக இருக்கவேண்டும். தொப்பி வரலாறு எழுதுவோர் பலரும் இளவரசர்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

திரை கண்டுபிடிக்காத தொப்பி

போகார்ட், ஜேம்ஸ் காக்னி, எட்வர்டு ஜி. ராபின்சன் போன்றோர் ஃபெடோராவைப் பிரபலமாக்கினார்கள் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. காலவரிசையைப் பார்த்தால் இது தலைகீழானது. 1931இல் 'லிட்டில் சீசர்', 'தி பப்ளிக் எனிமி' ஆகிய படங்களும், 1932இல் 'ஸ்கார்ஃபேஸ்' படமும் வந்தபோது திரையரங்கில் உட்கார்ந்திருந்த ஆண்கள் தங்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் படம் பார்த்தனர். தெருவில் இருந்ததைப் படம் எடுத்துக்கொண்டது. அல் கபோனின் வெளிர்நிறத் தொப்பிகள் முதலில் செய்தித்தாள் புகைப்படங்களில் வந்தன, அதன் பிறகே திரைக்கு வந்தன.

படங்கள் செய்தது வேறொன்று. அன்றாடப் பொருளுக்கு அவை ஒரு பொருள்கொள்ளும் முறையை ஏற்படுத்தின. அக்காலத்தில் தொப்பிக்கென்று நடத்தை விதிகள் இருந்தன. வீட்டுக்குள் நுழைந்தால் கழற்றவேண்டும். பெண்ணைக் கண்டால் தொடவோ உயர்த்தவோ வேண்டும். ஆகவே ஒருவன் அறைக்குள் வந்தும் தொப்பியைக் கழற்றவில்லை என்றால், அவன் போலீஸ்காரனாகவோ அடியாளாகவோ இருப்பான் என்று பார்வையாளர் உடனே புரிந்துகொள்வர். வசனமே தேவையில்லை. இன்றைய பார்வையாளருக்கு இந்தக் குறிப்புகள் எட்டுவதில்லை. எல்லோரும் தொப்பி போட்டிருக்கிறார்கள் என்று மட்டுமே அவர் காண்கிறார்.

ஒளிப்பதிவுக்கும் இந்த விளிம்பு உதவியது. 1940களின் குற்றப் படங்களில் விளக்கு மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ விழும். விளிம்பு கண்களின்மேல் நிழலிடும், வாயும் தாடையும் மட்டும் வெளிச்சத்தில் இருக்கும். அந்த மனிதன் என்ன நினைக்கிறான் என்று தெரியாது. தலையை ஓர் அங்குலம் உயர்த்தினால் கண்கள் தெரியும். நடிகரின் கையில் இது ஒரு திரைச்சீலை போன்றது. 1942இல் எடுக்கப்பட்ட 'காசபிளாங்கா'வின் இறுதியில் விமான நிலையத்து மூடுபனியில் போகார்ட் ஃபெடோராவும் மழைக்கோட்டும் அணிந்து நிற்கிறார். எதிரில் இங்க்ரிட் பெர்க்மனும் விளிம்புள்ள தொப்பிதான் அணிந்திருக்கிறார். இரண்டு விளிம்புகளுக்கு அடியிலும் இரண்டு முகங்கள் மட்டும் ஒளிபெறுகின்றன. அந்தக் காட்சியை நினைவில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் போகார்ட்டின் தொப்பியை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

வாரந்தோறும் ஒரு பகுதியாக வெளிவந்த மலிவான சாகசத் தொடர்படங்களில் தொப்பிக்கு மேலும் ஒரு பயன் இருந்தது. சண்டையில் எத்தனை உதை வாங்கினாலும் நாயகனின் தொப்பி விழாது. விழுந்தால் உள்ளே இருப்பவர் நாயகன் இல்லை, டூப் என்பது தெரிந்துவிடும். குழந்தைகள் சிரித்த இந்தத் தந்திரம் நாற்பது ஆண்டுகள் கழித்து வேறொரு படத்தில் திரும்பி வந்தது.

வெறுந்தலைக் காலம்

ஃபெடோரா மறைந்ததற்கு ஜான் எஃப். கென்னடிதான் காரணம் என்று ஒரு கதை உலவுகிறது. 1961 ஜனவரி 20 அன்று பதவியேற்பு விழாவில் அவர் வெறுந்தலையுடன் நின்றதால் அமெரிக்க ஆண்கள் தொப்பியைக் கைவிட்டார்கள் என்பது கதை. உண்மையில் அன்று கென்னடி பட்டுத் தொப்பியோடுதான் வந்தார். உறுதிமொழி எடுக்கவும் உரையாற்றவும் அதைக் கழற்றினார். நீல் ஸ்டைன்பெர்க் 2004இல் வெளியிட்ட 'ஹேட்லெஸ் ஜாக்' என்ற நூல் இந்தக் கதையை விரிவாக ஆராய்ந்து, தொப்பியின் சரிவு அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதைக் காட்டுகிறது.

காரணங்கள் எளிமையானவை. டிராமிலும் நடந்தும் போனவர்கள் காரில் போகத் தொடங்கினர். காரின் கூரை தாழ்ந்துகொண்டே வந்தது, தொப்பியோடு உட்கார முடியவில்லை. கட்டடங்களும் வண்டிகளும் சூடேற்றப்பட்டன. போரில் ஆண்டுக்கணக்கில் தலைக்கவசம் சுமந்து திரும்பிய இளைஞர்களுக்குத் தலையில் எதையும் வைக்க விருப்பமில்லை. பிறகு முடி அலங்காரமே அழகாயிற்று.

திரைப்படம் உடையைக் கொன்றது என்ற கதைகளும் இதே வகைதான். 1934இல் வந்த 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' படத்தில் கிளார்க் கேபிள் சட்டையைக் கழற்றும்போது உள்ளே பனியன் இல்லை என்பதால் அமெரிக்காவில் பனியன் விற்பனை படுத்துவிட்டது என்பார்கள். இதற்கு உறுதியான விற்பனைக் கணக்கு எதையும் யாரும் காட்டியதில்லை. ஓர் ஆளால் ஒரே நாளில் நாகரிகம் மாறியது என்று சொல்வது சுவையாக இருக்கும். கார்க் கூரையின் உயரத்தைக் காரணமாகச் சொல்வதில் அந்தச் சுவை இல்லை.

ஒரு சுவரொட்டியின் முன்னால்

அன்றாடத் தேவையாக இருந்தவரை ஃபெடோராவை அணிய யாருக்கும் படம் தேவைப்படவில்லை. தேவை போனபிறகுதான் படம் காரணமாகியது. இந்தத் திருப்பத்தை ஒரு படமே பதிவு செய்திருக்கிறது. 1960இல் வெளியான ழான்-லுக் கொதாரின் 'பிரெத்லெஸ்' படத்தில் ழான்-பால் பெல்மொண்டோ ஏற்ற பாத்திரம் ஒரு சில்லறைத் திருடன். பாரிஸ் தெருவில் ஒரு திரையரங்கின் முன் நிற்கிறான். போகார்ட்டின் கடைசிப் படமான 'தி ஹார்டர் தே ஃபால்' படத்தின் விளம்பரம் அங்கே இருக்கிறது. அவன் போகார்ட்டின் படத்தை வெகுநேரம் பார்க்கிறான். கட்டைவிரலால் உதட்டை வருடிக்கொள்கிறான். அவன் தலையில் இருப்பது ஃபெடோரா. வெயிலுக்கோ குளிருக்கோ அவன் அதை அணியவில்லை. போகார்ட் அணிந்தார் என்பதற்காக அணிந்திருக்கிறான். பின்னால் வந்த எல்லாத் தொப்பிச் சேகரிப்பாளர்களின் மூதாதை என்று அந்தப் பாத்திரத்தைச் சொல்லலாம்.

ழான்-பியர் மெல்வில் இன்னும் ஒரு படி போனார். 1967இல் வந்த 'லெ சாமுராய்' படத்தில் அலென் தெலோன் கூலிக் கொலையாளி. வெளியே புறப்படும்போது கண்ணாடி முன் நின்று விளிம்பின் ஓரத்தை விரலால் ஒருமுறை நீவிவிடுவான். பூசை செய்வதுபோன்ற அசைவு அது. கடைசிக் காட்சியில் தொப்பியை விடுதியின் வாசலில் ஒப்படைக்கிறான், ஆனால் அதற்கான சீட்டை எடுத்துக்கொள்ளாமல் உள்ளே போகிறான். திரும்பி வரப்போவதில்லை என்பதை அவன் சொல்லவேண்டியதில்லை. 1967இல் பாரிஸ் இளைஞர்கள் தொப்பி அணிவதை நிறுத்தியிருந்தனர் என்பதை நினைவில் கொண்டால், இந்தப் படம் நிஜத் தெருவைக் காட்டவில்லை, பழைய அமெரிக்கப் படங்களின் தெருவைக் காட்டுகிறது என்பது விளங்கும்.

1970இல் ழாக் தெரே இயக்கிய 'போர்சாலினோ' படத்தில் பெல்மொண்டோவும் தெலோனும் சேர்ந்து நடித்தனர். 1930களின் மார்செய் நகரத்து ரவுடிகளின் கதை. படத்துக்கு ஒரு தொப்பி நிறுவனத்தின் பெயர். வேறெந்தத் தொப்பிக்காரருக்கும் கிடைக்காத விளம்பரம் அது. 1974இல் இரண்டாம் படமும் வந்தது. ஐரோப்பாவின் பல பகுதிகளில் போர்சாலினோ என்ற சொல், எந்த நிறுவனம் செய்திருந்தாலும், இத்தகைய தொப்பிக்கே பொதுப்பெயராக வழங்குகிறது.

1977இல் 'ஆனி ஹால்' படத்தில் டயன் கீட்டன் அகன்ற விளிம்புள்ள தொப்பி, கழுத்துப்பட்டை, இடுப்புச்சட்டை எல்லாவற்றையும் ஆண்களின் பாணியில் அணிந்து வந்தார். பெண்களிடையே அந்த உடை உடனடியாகப் பின்பற்றப்பட்டது. சாரா பெர்னாரின் காலம் ஒரு சுற்று சுற்றி வந்ததுபோல இருந்தது.

இண்டியானா ஜோன்ஸின் தொப்பி

1981 ஜூன் 12 அன்று அமெரிக்காவில் வெளியான 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' ஃபெடோராவுக்கு மறுபிறவி கொடுத்தது. ஜார்ஜ் லூகாஸும் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் தங்கள் சிறுவயதில் பார்த்த தொடர்படங்களின் பாணியில் ஒரு சாகசப் படம் எடுக்க விரும்பினர். கதை நடப்பது 1936இல். நடிகரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ஓவியர் ஜிம் ஸ்டெராங்கோ வரைந்த ஓவியங்களில் தொப்பி, தோல் மேற்சட்டை, சாட்டை மூன்றும் வந்துவிட்டன.

அதைத் துணியாகவும் ஃபெல்ட்டாகவும் மாற்றியவர் ஆடை வடிவமைப்பாளர் டெபோரா நாடூல்மன். முந்தைய ஆண்டு வந்த 'தி புளூஸ் பிரதர்ஸ்' படத்தில் இரண்டு நாயகர்களுக்கும் கறுப்புத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்தவரும் அவரே. ஒரே பெண்மணி, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில், காலாவதியாகிப்போன ஒரு பொருளை இரண்டு முற்றிலும் வேறான கூட்டங்களுக்கு மீட்டுக் கொடுத்திருக்கிறார். இயக்குநர்களின் பெயர் தெரிந்த அளவுக்கு அவர் பெயர் தெரியாதது வருத்தம்தான். 1954இல் வந்த 'சீக்ரெட் ஆஃப் தி இன்காஸ்' படத்தை இண்டியானா ஜோன்ஸ் உடைக்கு முன்மாதிரியாகத் தம் குழு பார்த்ததை நாடூல்மன் மறைக்கவில்லை. பெரு நாட்டின் மாச்சு பிச்சுவில் படமாக்கப்பட்ட அதில் சார்ல்டன் ஹெஸ்டன் ஃபெடோராவும் தோல் மேற்சட்டையுமாக வருகிறார். இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் ஒற்றுமையை யாரும் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

தொப்பி லண்டனின் ஹெர்பர்ட் ஜான்சன் கடையிலிருந்து வந்தது. 'தி பொயட்' என்ற அவர்களின் வடிவத்தை எடுத்து, ஹாரிசன் ஃபோர்டின் முகத்துக்கு ஏற்றவாறு பக்கவாட்டில் விளிம்பைக் குறைத்து வெட்டினர். விளிம்பு கண்களுக்கு மர்மமான நிழல் தரவேண்டும், ஆனால் முகத்தை மறைத்துவிடக்கூடாது. அரை அங்குலத்தில் தீர்மானமாகும் விஷயம் இது. புதுத் தொப்பியைப் பழையதாக்க அதன்மேல் உட்கார்ந்தார்கள், கசக்கினார்கள், சுருட்டினார்கள், எண்ணெயும் மண்ணும் பூசினார்கள். பழைய தொடர்படங்களைப் போலவே விளிம்பு டூப் நடிகர்களின் முகத்தை மறைத்தது. விக் ஆம்ஸ்ட்ராங் உள்ளிட்டோர் ஃபோர்டுக்காகச் செய்த ஆபத்தான காட்சிகளில் தொப்பி பாதி வேலையைச் செய்தது.

ஸ்பீல்பெர்க் தொப்பியை ஒரு பாத்திரமாகவே நடத்தினார். 1984இல் வந்த இரண்டாம் படத்தில் மூடிக்கொண்டிருக்கும் கல் கதவுக்கு அடியிலிருந்து இண்டியானா கையை நீட்டித் தொப்பியை எடுக்கிறான். 1989இல் வந்த மூன்றாம் படம் தொப்பியின் பிறப்புக் கதையைச் சொல்கிறது. 1912இல் சிறுவனாக இருந்த இண்டியானாவிடமிருந்து ஒரு பழம்பொருளைப் பறிக்கும் கொள்ளைக் கூட்டத் தலைவன், சிறுவனின் துணிவை மெச்சித் தன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைக்கிறான். அடுத்த கணம் நாம் 1938க்குத் தாவுகிறோம், அதே தொப்பி பெரியவனான ஜோன்ஸின் தலையில் இருக்கிறது. அந்தக் கொள்ளையனுக்குக் கதையில் பெயர் கிடையாது. படத்தின் இறுதிப் பட்டியலில் 'ஃபெடோரா' என்று குறிப்பிட்டிருப்பார்கள். அந்தப் படத்தின் தொப்பியும் மேற்சட்டையும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன.

இதே ஆண்டுகளில் வேறு தொப்பிகளும் திரையில் வந்தன. 1984இல் 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' படத்தின் பேய் கிழிந்த பழுப்பு ஃபெடோரா அணிந்தது. மைக்கேல் ஜாக்சன் 1988இல் 'ஸ்மூத் கிரிமினல்' ஆடியபோது அணிந்த வெள்ளை உடையும் வெள்ளைத் தொப்பியும் 1953இல் 'தி பேண்ட் வேகன்' படத்தில் ஃபிரெட் அஸ்டேர் ஆடிய நடனத்துக்கு அவர் செலுத்திய வணக்கம். அந்தத் தொப்பி வழியாக ஃபெடோரா உலகெங்கும் நடன மேடைகளுக்குப் போனது. ஹாங்காங்கில் 1980இல் ஒளிபரப்பான 'தி பண்ட்' தொலைக்காட்சித் தொடரில் கறுப்பு ஃபெடோராவும் வெள்ளைக் கழுத்துத்துணியும் அணிந்த சௌ யுன்-ஃபாட், பழைய ஷாங்காய் என்றாலே நினைவுக்கு வரும் உருவமாகிவிட்டார்.

சேகரிப்பவர்கள்

இண்டியானா ஜோன்ஸ் தொப்பியை வாங்க விரும்பியவர்களுக்கு 1980களில் ஸ்டெட்சன் நிறுவனம் உரிமம் பெற்று ஒரு தொப்பி விற்றது. பின்னர் மலிவான ஆட்டுக்கம்பளி ஃபெல்ட்டிலும் வந்தன. மழையில் நனைந்தால் சுருங்கி வடிவமிழக்கும் இவை ரசிகர்களைத் திருப்திப்படுத்தவில்லை. ஆஸ்திரேலியாவின் அகுப்ரா நிறுவனம் முயல் மயிரில் செய்யும் 'ஃபெடரேஷன்' தொப்பியை வாங்கித் தாமே திருத்திக்கொண்டவர்கள் உண்டு. இணையம் வந்ததும் அவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். படத்தை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி நாடாவின் அகலத்தையும் மேற்பகுதியின் உயரத்தையும் அளந்தனர். முதல் படத்தின் தொப்பி சற்றே திருகியதுபோலத் தெரியும். அதை 'திருப்பம்' என்று பெயரிட்டு, எப்படி நேர்ந்தது என்று ஆண்டுக்கணக்கில் விவாதித்தனர். வெளியாளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். ஏட்டுச்சுவடியில் ஒரு சுழியைப் பற்றி நம் பதிப்பாசிரியர்கள் போட்ட சண்டைகளை அறிந்தவருக்கு அப்படித் தோன்றாது.

வாதத்தில் நிற்காமல் சிலர் தொப்பி செய்யவே கற்றுக்கொண்டனர். பழைய மர அச்சுகளையும் தையல் இயந்திரங்களையும் மூடிய பட்டறைகளிலிருந்து தேடி வாங்கினர். மிசிசிப்பி மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் அப்படி எழுந்த சிறு பட்டறை அட்வென்ச்சர்பில்ட். 2008இல் வெளியான நான்காவது இண்டியானா ஜோன்ஸ் படத்தில் ஹாரிசன் ஃபோர்டு அணிந்த தொப்பிகள் அங்கிருந்துதான் போயின. படத்தைப் பார்த்துத் தொப்பி மேல் ஆசைப்பட்டவர்கள், அந்தப் படத்துக்கே தொப்பி செய்து கொடுத்தனர். திரைக்கும் ரசிகருக்கும் இடையில் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் வேறு உடை எதிலும் நடந்ததாகச் சொல்வது கடினம்.

திரையில் பயன்பட்ட அசல் தொப்பிகள் வேறு உலகம். 'ரெய்டர்ஸ்' படத்தின் தொப்பி ஒன்று 2018இல் லண்டன் ஏலத்தில் 3,93,600 பவுண்டுக்குப் போனது. இரண்டாம் படத்தின் தொப்பி ஒன்று, டூப் நடிகர் ஒருவரின் சேகரிப்பிலிருந்து வந்தது, 2024 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் ஏலத்தில் 6,30,000 டாலர் பெற்றது. தொப்பித் தொழிலின் நிலை அதற்கு மாறானது. படத்தின் பெயராகவே ஆன போர்சாலினோ நிறுவனம் 2017 இறுதியில் திவாலானதாக அறிவிக்கப்பட்டு, 2018இல் வேறு உரிமையாளரிடம் போய்த்தான் பிழைத்தது.

சாதாரணச் சேகரிப்பாளர் தேடுவது இத்தகைய விலையுயர்ந்த சின்னங்களை அல்ல. பழைய பொருள் சந்தைகளில், இறந்தவர்களின் வீட்டுச் சாமான் விற்பனைகளில், 1930கள், 1940களின் ஸ்டெட்சன், டாப்ஸ், நாக்ஸ் தொப்பிகளைத் தேடுகிறார். கையில் எடுத்ததும் வெளிப்பக்கத்தைப் பார்ப்பதற்குமுன் உள்ளே இருக்கும் தோல் பட்டையைப் புரட்டுவார். அதன் பின்னால் அளவுச் சீட்டும் தொழிற்சங்க முத்திரைச் சீட்டும் இருக்கும். அமெரிக்காவின் தொப்பித் தொழிலாளர் சங்கம் 1934இல் குல்லாய்த் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்தபோது முத்திரையில் இருந்த பெயர் மாறியது. ஆகவே எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் தொப்பி அதற்கு முந்தையதா பிந்தையதா என்று தெரிந்துவிடும். தங்கள் உழைப்புக்கு உரிய கூலி கேட்டுத் தொழிலாளர்கள் ஒட்டிய சீட்டு, இன்று தேதி சொல்லும் சான்றாகிவிட்டது. அடுத்து ஃபெல்ட்டை வெளிச்சத்தில் பிடித்து அந்துப்பூச்சி அரித்த துளைகளைத் தேடுவார். தோல் பட்டை காய்ந்து வெடித்திருந்தால் விலை பாதியாகும்.

2010களில் இணையக் கேலிப்படங்கள் ஃபெடோரா அணியும் இளைஞனைப் பழக்கமற்ற, தன்னைப் பெரிய கனவானாக நினைத்துக்கொள்ளும் ஆளாக வரைந்தன. அந்தப் படங்களில் இருந்தவை பெரும்பாலும் மெல்லிய விளிம்புள்ள மலிவான ட்ரில்பிகள். சேகரிப்பாளர்கள் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லச் சொல்லக் கேலி அதிகமானது.

பழைய தொப்பியை வாங்கியவர் முதலில் செய்ய விரும்புவது அதன் வடிவத்தை மாற்றுவது. கொதிக்கும் கெண்டியின் மூக்கிலிருந்து வரும் நீராவியில் காட்டினால் ஃபெல்ட் இளகும். பிறகு பள்ளத்தையும் கிள்ளலையும் தமக்குப் பிடித்த நாயகனுடையதைப்போல விரலால் அமைத்துக்கொள்ளலாம். 1941க்கு முந்தைய ஃபெல்ட் வழவழப்பிலும் உறுதியிலும் இன்றையதைவிட உயர்ந்தது என்பது சேகரிப்பாளர்களின் பொதுவான நம்பிக்கை. அதற்குப் பாதரசப் பதப்படுத்தலும் ஒரு காரணம் என்று வாதிடுவோர் உண்டு. அருங்காட்சியகங்களில் உள்ள பழைய ஃபெல்ட் தொப்பிகளைச் சோதித்தபோது பாதரசம் இன்னும் அவற்றில் தங்கியிருப்பது தெரியவந்திருக்கிறது. ஆகவே பாதுகாவலர்கள் அவற்றைக் கையுறையோடு எடுக்கிறார்கள், காற்றுப்புகாத உறையில் வைத்து எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுகிறார்கள். வீட்டில் அத்தகைய தொப்பி வைத்திருப்பவர் அதை மூடிய சமையலறையில் நீராவியில் காட்டக்கூடாது. தலைக்கு வைத்தபின் கையைக் கழுவிக்கொள்வதும், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைப்பதும் நல்லது.